வெள்ளைத் தண்டு

முதலில் வெளுத்தது காட்டெருமை வாய் வைத்த நிரைதான்.

நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு முந்தின வாரம்தான், மூடுபனியின்மேல் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன், வெயில் வந்ததும் அது கீழே விழுந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். அதற்கும் முந்தின மாதம், ஒரு காட்டெருமை என்னிடம் கோத்தகிரிக்கு வழி கேட்டது, கடைசி பஸ் போய்விட்டது என்றதும் பெருமூச்சு விட்டுத் திரும்பிவிட்டது என்று சொல்லியிருந்தேன். இப்படி நாற்பது வருஷம் சொல்லி வந்தவன், ‘பதினான்காம் நிரையில் எருமை மேய்ந்தது, மிச்சம் வைத்த தண்டெல்லாம் மூன்று நாளில் வெளுத்தது, எட்டாம் நாள் எருமை ஓடைக்கரையில் செத்துக் கிடந்தது’ என்றால் யார் நம்புவார்கள்?

“வழி கேட்டுச்சே, அதே எருமைதானா மேஸ்திரி?” என்று கேட்டாள் பவளக்கொடி. பறிக்கிற பெண்கள் பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த எருமையைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அது.

தொட்டக்கல் பள்ளத்தாக்கில் முன்பு தேயிலை இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு போஜராஜ் முதலாளி இருபது ஏக்கரில் சுவிஸ் சார்ட் போட்டார். பீட்ரூட்டுக்குத் தங்கை முறையாகிற கீரை அது. அக்காள் தன் நிறத்தை மண்ணுக்குள் ஒளித்து வைப்பாள். தங்கை வெளியே காட்டிக்கொண்டு நிற்பாள். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, ரோஜா என்று தண்டுகள் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்த மாதிரி நிற்கும். பெங்களூரிலும் சென்னையிலும் பெரிய ஓட்டல்காரர்களுக்கு அது இல்லாமல் தட்டு நிறையாதாம். எங்கள் ஆட்கள் அந்தப் பெயரோடு மல்லுக்கட்டவில்லை. கலர்த்தண்டு என்றார்கள், வேலை முடிந்தது.

விதை என்று கையில் வாங்குவது ஒற்றை விதை அல்ல, ஒரு முடிச்சு. ஒரு முடிச்சில் மூன்று முளை வரும். ஒன்றை விட்டுவிட்டு இரண்டைக் கிள்ள வேண்டும். ஐம்பது, அறுபது நாளில் பறிப்பு. வெளிச்சுற்று இலைகளை மட்டும் அடியில் பிடித்து, வெளிப்பக்கமாக ஒரு திருகு. நடுக்குருத்தை விட்டுவிட்டால் பத்து நாளில் மறுபடி இலை தரும். ஆளுக்கு நான்கு நிரை. முதல் நாளிலிருந்து கடைசிப் பறிப்பு வரை அதே நான்கு. நிரை முனையில் ஒரு குச்சி நட்டு, அவரவர் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டிவிடுவார்கள். தேயிலைக் காலத்துப் பழக்கம். துணியைப் பார்த்தால் போதும், யார் நிரை என்று சொல்லிவிடலாம். இந்தப் பழக்கம்தான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது.

விதை எங்கள் விதை அல்ல. கோயம்புத்தூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் செய்தது. அதைச் செய்தவர்களில் ஒருவர் ஹேமாவதி மேடம், சின்ன உருவம், பெரிய கண்ணாடி. முதல் நடவுக்கு முன்னால் பெண்களை பேக்கிங் ஷெட்டில் உட்காரவைத்து விளக்கினார்.

“பச்சையா சாப்பிடுற கீரைம்மா இது. பறிக்கிற கையில கிருமி இருந்தா சாப்பிடுறவங்களுக்கு வயித்தால போகும். அதனால செடிக்கே மோப்பம் குடுத்திருக்கோம். அழுக்குக் கை பட்டா மூணு நாள்ல தண்டு வெளுத்துடும். அந்த நிரைய விக்காம உழுதுடுவோம்.”

“கையுறை போட்டுக்கலாமே மேடம்?” என்றாள் ஆரோக்கியமேரி. பறிக்கிறவர்களில் மூத்தவள்.

“கையுறை போட்டா செடிக்கு எப்படித் தெரியும்? நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு, வெறுங்கையாலதான் பறிக்கணும்.”

“அப்ப கீரைய நாங்க பாத்தது போக, கீரை எங்களப் பாக்கப் போகுது” என்றாள் பவளக்கொடி.

மேடம் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு விதி சொன்னார். கலர் விதையில் நூற்றுக்கு மூன்று நான்கு பிறவியிலேயே வெள்ளைத் தண்டாக முளைக்கும். குழப்பம் வரும், அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டும். மேஸ்திரி செடியைத் தொடவே கூடாது. எல்லா நிரையிலும் நடப்பவன் தொட்டால் யார் கை என்று தெரியாமல் போய்விடும். மேஸ்திரி என்பது நான்தான். காத்தமுத்து. அப்போது வயது அறுபத்தேழு.

இந்த இரண்டு விதிகளில் முதலாவதை மீறியவள் பவளக்கொடி. அவளுக்குக் கிள்ள வரும், தூக்கிப் போட வராது. கிள்ளிய நாற்றையும் பிடுங்கிய வெள்ளையையும் முந்தானையில் முடிந்துகொண்டு போய், பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் யாருக்கும் உதவாத ஒரு சரிவில் நட்டுவைப்பாள். கலரெல்லாம் முயலுக்குப் போனது. வெள்ளை மட்டும் தழைத்தது. முயலுக்கும் நிறம் பார்த்துத்தான் பசிக்கும் போல.

எருமை செத்த இரண்டாம் மாதம் ஆரோக்கியமேரியின் நிரை வெளுத்தது. கை கழுவவில்லை என்று அவளுக்குத் திட்டு விழுந்தது. மறு பறிப்புக்கு மூன்று தடவை கழுவினாள். நானே நின்று பார்த்தேன். வேறு நான்கு நிரை கொடுத்தோம். அதுவும் வெளுத்தது. மேடம் அவள் கையைத் துடைத்துப் பஞ்சைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். ஒரு கிருமியும் இல்லை என்று பதில் வந்தது. ஏழு மாதம் கழித்து ஆரோக்கியமேரி சிறுநீரகம் கெட்டு இறந்தாள். அடுத்து லாரியில் கூடை ஏற்றுகிற தங்கராசு. ஒரு நாள் கால் இடறி நிரைமேல் விழுந்தான், கையூன்றி எழுந்தான். மூன்று நாளில் அந்த இடம் மட்டும் ஆள் அளவுக்கு வெளுத்தது. அவன் ஐந்து மாதம் இருந்தான்.

தங்கராசுவின் காரியத்துக்கு மேடம் வந்திருந்தார். திரும்பும் வழியில் தோட்டத்து ஓரமாக நின்றுவிட்டார்.

“மேடம், செடிக்கு என்னதான் தெரியுது?” என்று கேட்டேன்.

“நாங்க கிருமிக்குன்னு செஞ்சோம் மேஸ்திரி. அது வேற எதையோ மோந்து பாக்குது. உடம்புக்குள்ள ஏதோ ஒண்ணு கெட ஆரம்பிச்சா, மாசக்கணக்கா முன்னாடியே அது வேர்வையில வந்துடுது போல. எங்க மெஷினுக்குத் தெரியல. இதுக்குத் தெரியுது.”

“நல்லதுதானே. முன்னாடியே தெரிஞ்சா வைத்தியம் பாத்துக்கலாம்.”

“எது கெடுதுன்னு அது சொல்லாது. கெடுதுன்னு மட்டும்தான் சொல்லும்.”

“அப்ப இது எதுக்கு?”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. உழுதுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தார். அதற்குள் செய்தி பரவிவிட்டது. செடியைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் சேர்ந்து ‘தோட்டம் சுற்றிப் பார்க்க’ வந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரு செடியைக் காட்டி, “என்ன நிறம் பாருங்க தம்பி, தொட்டுப் பாருங்க” என்பார். ஒரு மாப்பிள்ளை கடைசி வரை கையை பேன்ட் பையிலிருந்து எடுக்கவே இல்லை. குளிர் என்றார். அது ஏப்ரல் மாதம். தேர்தலில் நின்ற ஒருவர் எங்கள் தோட்டத்தைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனார். நான் பார்த்த வேட்பாளர்களில் கீரையைக் கும்பிட்டவர் அவர் ஒருவர்தான். இதெல்லாம் என் வழக்கமான கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

தோட்டத்தில் ஒரு பட்டியல் வந்தது. நிரை வெளுத்தவர்கள் அதில் ஏறுவார்கள், வேலைக்கு வர வேண்டியதில்லை, ஓய்வு. பெயர் ஓய்வுப் பட்டியல். வாய்க்கு வாய் வெள்ளைப் பட்டியல். அதில் ஏறியவர்களுக்கு டீக்கடையில் காகிதக் கோப்பை. பஸ்ஸில் பக்கத்து சீட் காலி. தொற்றாது என்று மேடம் ஊர்க்கூட்டத்தில் இரண்டு தடவை சொன்னார். ஊர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டு, காகிதக் கோப்பையிலேயே கொடுத்தது. பெண்கள் காலையில் நிரைக்குள் இறங்கும்போது முதலில் இலையைப் பார்ப்பதில்லை, தண்டைத்தான் பார்த்தார்கள். பார்த்து, மூச்சு விட்டு, பிறகு குனிவார்கள். பறிக்கும்போது பாடுவார்களே, அந்தப் பாட்டும் நின்றுபோனது.

பவளக்கொடிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. புருஷன் இல்லை. ஒரே மகள் பிருந்தாவை மேட்டுப்பாளையத்தில் கொடுத்திருந்தாள். பிருந்தா முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அவள் பேச்செல்லாம் அதுதான். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். ஊரெல்லாம் பழைய வேட்டி கேட்டு வாங்கி, வெந்நீரில் அலசி, பிள்ளைத்துணி கிழித்து அடுக்கினாள். அதில் என் வேட்டி மூன்று. நான்காவதைக் கேட்டபோது, நான் எதைக் கட்டிக்கொள்வது என்று கேட்டேன். மூடுபனி இருக்கிறதே, கடப்பாரையையே தாங்குகிறது என்றாள்.

அந்த மார்கழியில் அவள் பம்ப் ஷெட் படியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கலர்த்தண்டுக்கு அந்தத் திருகல்தான் உயிர். மணிக்கட்டு போனால் பறிக்க முடியாது. பறிக்க முடியாதவர்களைக் கீரை அலசும் தொட்டிக்கு அனுப்புவார்கள். மார்கழித் தண்ணீரில் பகல் முழுதும் கை வைத்தால் அந்தக் கையால் பிறகு பிள்ளையைத் தூக்க முடியாது.

“விடிகாலைல நான் பாதி பறிச்சு வெச்சுடுறேன். ஏழு மணிக்கு வந்து மீதிய நீ பறி” என்றேன்.

“நீங்க தொடக் கூடாதே மேஸ்திரி.”

“யார் பாக்கப் போறா?”

“செடி பாக்கும்.”

“எனக்கு என்ன? நாப்பது வருஷமா ஒரு காய்ச்சல் வந்ததில்ல.”

ஏன் செய்தேன் என்று கேட்கலாம். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஏன் என்று என்னைக் கேட்க ஆளில்லாமலே அறுபத்தொன்பது வயதாகிவிட்டது. அதனால் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

நாற்பது நாள் இப்படி நடந்தது. நான்கு நிரையிலும் அவள் கையும் என் கையும் மாறி மாறிப் பட்டன. மணிக்கட்டு வீக்கம் வடிந்தது. தை பிறந்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, நான்கு நிரையும் வகிடு எடுத்த மாதிரி வெளுத்து நின்றன. முனையில் அவளுடைய பச்சைப் புடவைத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

பவளக்கொடி சிறிது நேரம் பார்த்தாள். பிறகு கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தாள். போகும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் அங்கேயே சொல்லியிருப்பேன். அதனால்தான் திரும்பவில்லை என்று பிறகு புரிந்தது.

ஊர் ஆரஞ்சுப் பழத்தோடு அவளைப் பார்க்கப் போனது. எட்டடி தள்ளி உட்கார்ந்து ஆறுதல் சொன்னது. “பவளக்கொடி எவ்வளவு நல்லாப் பாடுவா” என்று ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். “இன்னும் பாடுவேன்டி, பக்கத்துல வந்து கேளு” என்றாள் பவளக்கொடி. வந்தவள் பழத்தை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

அன்று மாலை மேட்டுப்பாளையத்திலிருந்து சம்பந்தியம்மாள் போன் செய்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

“உங்க உடம்புதான் முக்கியம் சம்பந்தி. பிரசவத்த நாங்க இங்கயே பாத்துக்கறோம். வளைகாப்புக்கும் நீங்க சிரமப்பட்டு வர வேணாம்.”

“எனக்குச் சிரமம் ஒண்ணுமில்ல சம்பந்தி.”

“பச்சப் புள்ள பாருங்க. நாளைக்கு ஒண்ணுன்னா...”

பவளக்கொடி போனை வைத்தாள். அடுக்கி வைத்த பிள்ளைத்துணியில் மேல் துணியை எடுத்து உதறி, மறுபடி மடித்து, அதே இடத்தில் வைத்தாள்.

“நாளைக்குக் காலைல முதலாளிகிட்டச் சொல்லிடறேன்” என்றேன். “நானும்தான் தொட்டேன்னு.”

“வேணாம்.”

“ரெண்டு பேர்ல ஒருத்தர்தானே? நானாகவும் இருக்கலாம்.”

“இருக்கலாம். அதனாலதான் வேணாம்ங்கறேன். இப்ப இது பாதி உங்க மேல இருக்கு, பாதி என் மேல இருக்கு. பாதின்னா தூக்கிடலாம்ணே. சொன்னா உடனே செடியக் கொண்டாந்து நீட்டுவாங்க. முழுசும் ஒருத்தர் தலையில விழுந்துடும்.”

அவள் என்னை அண்ணே என்றது அதுதான் முதல் தடவை.

“பிருந்தா வர மாட்டாளே.”

 “எனக்காவது நாலு பேர் பழம் வாங்கிட்டு வந்தாங்க. உங்களுக்கு யார் வருவா?” என்றாள். “இந்த ஆரஞ்ச எடுத்துட்டுப் போங்க. இவ்வளவு நான் தின்னா அதுலயே செத்துருவேன்.”

மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாளும் யாரிடமும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதைக் கொண்டே ஊர் என்னைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்கு என்னைப் பற்றிப் பயம் இல்லை. நான் பாறை மாதிரி இருந்தேன். அப்படியானால் அவள்தான். போகிறவள் பேரப்பிள்ளையை ஒரு தடவை மடியில் வாங்காமல் போவதா என்பதுதான் என்னைத் தின்றது. நான்காம் நாள் காலை முதலாளியின் அறைக்குப் போனேன். மேடமும் இருந்தார்.

“பவளக்கொடி நிரையத் தொட்டது நான்தான் சார். அவ மேல தப்பில்ல.”

முதலாளி என்னை உட்காரச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம்.

“மேஸ்திரி, அந்தம்மா மேல உங்களுக்கு அக்கறை. புரியுது. ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி காட்டெருமை உங்ககிட்ட பஸ் டைம் கேட்டுச்சுன்னீங்க.”

“வழி கேட்டுச்சு சார். பஸ் இல்லன்னு நான்தான் சொன்னேன்.”

“பாருங்க.”

“இது நெஜம் சார். நாப்பது நாள் விடிகாலைல பறிச்சேன்.”

“உங்க வயசுக்கு விடிகாலைல குனிஞ்சு நாலு நிரையா? எருமையே பரவால்ல.”

மேடம்தான் குறுக்கே பேசினார். “நம்ப வேண்டாம் சார். சோதிச்சுடலாம். சிவப்புத் தண்டா ஒண்ணு தொட்டியில வெச்சு, மேஸ்திரி கை வைக்கட்டும். மூணு நாள் பேக்கிங் ஷெட்ல எல்லாரும் பாக்க இருக்கட்டும்.”

அப்படியே செய்தார்கள். பெண்கள் பதினாறு பேரும் சுற்றி நிற்க, நான் கை கழுவி, செடியின் அடித்தண்டைப் பிடித்தேன். குங்குமச் சிவப்பு. பிடித்த கையை எடுத்ததும், “விட்டுட்டேன், இப்ப அது என்னைப் பத்தி என்ன பேசுதுன்னு கேளுங்க” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லாரும் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது சிவப்பாகவே இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கும் வழி யோசித்து வைத்திருந்தேன். பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் அவள் நட்ட வெள்ளைகள் இருந்தன அல்லவா? பிறவி வெள்ளை. அதில் அதே உயரம், அதே ஐந்து இலை உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதே மாதிரித் தொட்டியில் மண்ணோடு பெயர்த்து வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மாற்றிவிட வேண்டும். பழி என் தலைக்கு வந்துவிடும். பிருந்தா வந்துவிடுவாள். நான் சாகாமல் நடமாடினால், காத்தமுத்து சாவிடமும் ஏதோ கதை விட்டுவிட்டான் என்று ஊர் சொல்லிக்கொள்ளும். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மதியம் பன்னிரண்டே முக்கால். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கம்பளிக்குள் தொட்டியை அணைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தேன். அலசும் தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தராசுக்குப் பக்கத்தில் மேஜைமேல் என் செடி.

காலையில் தூரத்திலிருந்து பார்த்தபோது சிவப்பாகத்தான் தெரிந்தது. இப்போது கிட்டே போனேன். அடியிலிருந்து மேலாகச் சுண்ணாம்பு ஏறின மாதிரி வெள்ளை ஏறியிருந்தது. நடு இலையின் நரம்பில் ஒரு விரல் நீளம் மட்டும் சிவப்பு மிச்சம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போய்விட்டது என்று சொன்னால் வழக்கம்போலப் பொய் என்பீர்கள். ஆனால் நான் அவ்வளவு நேரம் நின்றிருந்தேன்.

“அது தேவைப்படாது மேஸ்திரி.”

கூடை அடுக்குக்குப் பின்னால் மேடம் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். என் கம்பளியைப் பார்த்தார். வெள்ளைத் தண்டு ஒன்று வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“தெரியுது மேடம்” என்றேன்.



“விதிப்படி பவளக்கொடி கையையும் வெச்சுப் பாக்கணும்” என்றார். “ரெண்டு பேருமாகவும் இருக்கலாம்.”

“மேடம்...”

“பாத்தாச்சுன்னு எழுதிடறேன்.” டப்பாவை மூடினார். சோறு பாதிக்குமேல் அப்படியே இருந்தது. “நான் செஞ்ச செடி. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் எல்லாருக்கும் தெரியணும்னு இல்ல.”

இரண்டு மணிக்கு மணியடித்து எல்லாரையும் கூட்டினார்கள். நாற்பது வருஷம் நான் சொன்ன பொய்யில் ஒன்றைக்கூட நம்பாத ஊர், பொய் என்று நினைத்து நான் சொன்னதை மட்டும் நம்பியது. நம்பிய வேகத்தில் எட்டடி தள்ளியும் நின்றது. அதில் ஒரே ஒருத்தி மட்டும் என்னை நோக்கி நடந்து வந்தாள். செய்தி கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்திருந்தாள். பவளக்கொடி என்னைத் திட்டத்தான் வந்தாள்.  கடைசியில், “சொன்னா கேக்கறதே இல்ல” என்று மட்டும் சொன்னாள்.

வளைகாப்பு நடந்தது. பிருந்தா தாய் வீட்டுக்கு வந்தாள். சம்பந்தியம்மாள் பழத்தட்டோடு வந்து மன்னிப்புக் கேட்காமல் கேட்டாள். என்னை ஊட்டிக்கு அனுப்பி, ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது, இந்த வயதில் இப்படி ஒரு உடம்பா என்று ஆச்சரியப்பட்டார் டாக்டர். நானும் ஆச்சரியப்பட்டேன். செடிக்குத் தெரிந்தது அவருக்கு இன்னும் தெரியவில்லை.

வெள்ளைப் பட்டியலில் என் பெயர் ஏறியது. ஓய்வு என்றார்கள். எனக்கு ஓய்வு பழக்கமில்லை. பம்ப் ஷெட்டுக்குப் பின்னாலுள்ள சரிவைக் கேட்டேன், முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். கையில் வைத்திருந்த தொட்டிச் செடியை முதலில் அங்கே திரும்ப நட்டேன். பிறகு அவள் நட்டதையெல்லாம் பெயர்த்து ஒழுங்காக ஆறு நிரை கட்டினேன். எல்லாம் பிறவி வெள்ளை. வெளுப்பதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. யார் தொட்டாலும் அது எதுவும் சொல்லாது. சாப்பாட்டு நேரத்தில் பறிக்கிற பெண்கள் ஒவ்வொருத்தியாக அங்கே வர ஆரம்பித்தார்கள். முதலில் தள்ளி நின்றார்கள். பிறகு, சும்மா இருக்க முடியாமல் குனிந்து ஒரு இலை திருகினார்கள். தண்டைப் பார்க்காமல் இலையைப் பார்த்துப் பறிப்பது எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தார்கள். ஒருநாள் ஒருத்தி அங்கே முணுமுணுவென்று பாடினாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவாள்.

நிரை முனையில் கட்ட எனக்குப் புடவை ஏது? கம்பளியின் ஓரத்தைக் கிழித்துக் கட்டியிருந்தேன். ஒரு காலையில் போய்ப் பார்த்தால் அதற்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் துண்டும் கட்டியிருந்தது.

பங்குனிக் கடைசியில் பிருந்தாவுக்குப் பெண் பிறந்தது. நாற்பதாம் நாள் தீட்டுக் கழித்து, பிள்ளையை முதன்முதலாக வெளியே தூக்கி வந்தார்கள். கோயிலுக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். பவளக்கொடி சரிவில் இறங்கி நேராக என்னிடம் வந்தாள். மேலே பாதையில் பிருந்தாவும் சம்பந்தியம்மாளும் நின்றார்கள். சம்பந்தியம்மாள் முந்தானையை வாயில் வைத்திருந்தாள். பிருந்தா அவள் கையைப் பிடித்திருந்தாள்.

எனக்கு அப்போதே கொஞ்சம் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. டீயைக் கல்மேல் வைத்துவிட்டு நகர்கிறவர்களிடம் என்ன சொல்வது?

“கை கழுவுனீங்களாண்ணே?” என்றாள் பவளக்கொடி.

“ரெண்டு தடவை.”

“நீட்டுங்க.”

“வேணாம் பவளம். மேல நின்னு பாக்கறாங்க.”

“பாக்கட்டும்னுதான் இங்க தூக்கிட்டு வந்தேன். நீட்டுங்க.”

நீட்டினேன். கொண்டுவந்து வைத்தாள். என் வேட்டியில் கிழித்த துணியில்தான் சுற்றியிருந்தது. ஒரு கூடை கீரை கனம்கூட இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பிறகு துணிக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து, என் விரலைப் பிடித்துக்கொண்டது. அடித்தண்டைப் பிடிக்கிற மாதிரி, இறுக்கமாக. அதன் கையையும் பார்த்தேன், என் விரலையும் பார்த்தேன். இரண்டும் அதனதன் நிறத்திலேயே இருந்தன.

ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

“ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காட்டெருமை இந்தப் பக்கமா வந்துச்சு” என்றேன். “கோத்தகிரிக்கு எப்படிப் போறதுன்னு கேட்டுச்சு.”

பவளக்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை திருப்பவில்லை. பஸ் போய்விட்டதைச் சொன்னேன், எருமை பெருமூச்சு விட்டதைச் சொன்னேன், அது திரும்பி ஓடைப் பக்கம் போனதையும் சொன்னேன். கண் கொட்டாமல் கேட்டது. நம்பியது.